2018 ஜூலையில் அந்தக் கதிரையில் நீங்கள் இருந்திருந்தால் கவாய்க்கு ஓம் சொல்லியிருப்பீர்களா?

மல்வேர்ன்_அப்பா:

வணக்கம். ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிறவர்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அந்தத் துணிவில்தான் கேட்கிறேன்.

என்னுடைய சின்னவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட அணியில் பொயின்ற் கார்ட். வருகிற கிழமை வகுப்பில் ஒரு விவாதம். 2018இல் சான் அன்ரோனியோ ஸ்பர்ஸின் நட்சத்திரம் கவாய் லெனார்டை எங்கள் ரொறன்ரோ ராப்ரர்ஸ் வாங்கியது சரியா பிழையா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது 'பிழை' பக்கம். சாப்பாட்டு மேசையில் நான் சிரித்துவிட்டேன். கிண்ணம் ஊருக்கு வந்துவிட்டது, அதில் என்ன பிழையைத் தேடப் போகிறாய் என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஏழு வருஷம் பின்னுக்குப் போய், 2018 ஜூலை 18 காலை நான் எழுதியதைத் தாயிடம் வாசித்துக் காட்டினாள். "இவங்களுக்கு விசர். ஒரு வருஷ வாடகைக்கு ஆள் பிடிக்க வீட்டுப் பிள்ளையை வித்துப் போட்டாங்கள். இனி ராப்ரர்ஸ் பார்த்தால் என் பேரை மாத்து." அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. இங்கே போட முடியாது.

எழுதியவன் நான்தான். மறுக்கவில்லை. அடுத்த ஒக்ரோபரில் முதல் ஆட்டத்துக்கே ரீவிக்கு முன்னால் இருந்தவனும் நான்தான்.

வீட்டுப் பிள்ளை என்று எழுதியதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். நான் 1994இல் இந்த நகரத்துக்கு வந்தேன், ராப்ரர்ஸ் அடுத்த வருஷம் வந்தது. இரண்டு பேரும் ஒரே காலத்துக் குடிவரவாளர்கள் என்று பகிடியாகச் சொல்வேன். மக்ரேடி போனார், வின்ஸ் கார்ட்டர் போனார், கிறிஸ் பொஷ் போனார். ஆள் வடிவாக விளையாடத் தொடங்கியதும் எல்லைக்குத் தெற்கே போய்விடுவார். டிமார் டிரோசன் மட்டும் போகவில்லை. 2009இல் புதுமுகத் தேர்வில் ஒன்பதாவதாக வந்த கலிபோர்னியாப் பிள்ளை. 2016இல் வேறு எந்த அணியோடும் கதைக்காமல் ஐந்து வருஷத்துக்கு இங்கேயே கையெழுத்து வைத்தார். நான் லொறி ஓடுகிறவன். பெப்ரவரியில் காலை ஐந்து மணிக்குக் கண்ணாடியில் பனி சுரண்டுகிறவனுக்கு, கொம்ரனில் பிறந்த ஒருவன் இந்தக் குளிரைக் கேட்டு வாங்குகிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2019 ஜூன் 13 இரவு கிண்ணம் வென்றதை மறந்துவிடுங்கள். பிலடெல்பியாவுக்கு எதிராகக் கவாய் எறிந்து, வளையத்தில் நாலு தரம் துள்ளி விழுந்த பந்தையும் மறந்துவிடுங்கள். 2018 ஜூலை 17 இரவு, அன்றைக்கு ராப்ரர்ஸின் தலைவராக இருந்த மசாய் உஜிரியின் கதிரையில் நீங்கள் இருக்கிறீர்கள். சான் அன்ரோனியோவில் இருந்து தொலைபேசி வருகிறது. டிரோசன், யாக்கோப் பெர்ட்டில், 2019இன் முதல் சுற்றுத் தேர்வு (புதுமுகம் ஒருவரை எடுக்கும் உரிமை) ஒன்று, இவ்வளவையும் தா, கவாயும் டேனி கிரீனும் உனக்கு என்கிறார்கள். அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து, வேண்டாம் என்று சொல்ல உருப்படியான காரணம் இருந்ததா? மகளுக்கு உதவுங்கள். எனக்கு உதவ வேண்டாம், நான் ஏற்கெனவே தோற்றுவிட்டேன்.


கோவை_பெஞ்ச்:

அண்ணா, முதலில் ஒன்று. பெண் அந்த மெசேஜைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அவள் தரப்புக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அன்று டொராண்டோ எப்படி உணர்ந்தது என்பது அதில் இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் கல்லூரி அணியில் நான்கு வருடம் பெஞ்சைத் தேய்த்தவன். ஆட்டத்தைவிட கணக்கைப் பார்க்கத்தான் அதிக நேரம் கிடைத்தது. எனவே கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

டிரோசனின் அந்த வருடச் சம்பளம் சுமார் 27.7 மில்லியன் டாலர், பெர்ட்டிலுக்கு 2.9. அந்தப் பக்கம் கவாய்க்கு 23.1, கிரீனுக்கு 10. லீக் வைத்திருக்கும் சம்பள வரம்புக்கு மேல் இருக்கும் அணிகள் ஆளை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துச் சம்பளமும் ஓரளவு ஒட்ட வேண்டும். இது ஒட்டியது. ஆகவே பணத்தைக் காட்டி மறுக்க முடியாது. வருடங்களைக் காட்டித்தான் மறுக்க முடியும். டிரோசனுக்கு இன்னும் மூன்று பருவம் ஒப்பந்தம் இருந்தது, கடைசிப் பருவத்தில் இருப்பதா விலகுவதா என்பது அவர் விருப்பம். கவாய்க்கும் காகிதத்தில் இரண்டு பருவம் இருந்தது. ஆனால் இரண்டாவது அவர் விருப்பம், அதை அவர் எடுக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் போக விரும்பியது லாஸ் ஏஞ்சல்ஸ் என்பதும் ஜூனிலிருந்தே ஊருக்கே தெரிந்த செய்தி. நீங்கள் வாங்குவது ஒரே ஒரு பருவம். வாடகை என்று நீங்கள் எழுதியது சரியான சொல்தான் அண்ணா, பேரை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து உடம்பு. 2017-18இல் கவாய் ஆடியது ஒன்பதே ஆட்டம். தொடைத் தசைக் காயம், அதில் அணியின் மருத்துவர்களுக்கும் அவர் தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரர், இரண்டு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர், எல்லாம் உண்மை. ஆனால் ஒன்பது ஆட்டம் ஆடியவருடைய கால் அக்டோபரில் எப்படி இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

பெண்ணுக்கு என்னிடம் இருக்கும் நல்ல அம்பு இதெல்லாம் இல்லை. கிளீவ்லண்டின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ். 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாக ராப்டர்ஸை வெளியேற்றியவர் ஜூலை 1ஆம் தேதி மேற்குப் பிரிவிலுள்ள லேக்கர்ஸுக்குப் போவதாக அறிவித்துவிட்டார். ராப்டர்ஸ் ஆடும் கிழக்குப் பிரிவில் கதவு திறந்தாயிற்று. ராப்டர்ஸ் அதற்கு முந்தைய பருவத்தில் 59 ஆட்டம் வென்று கிழக்கில் முதலிடம் பிடித்த அணி. பேய் ஊரைவிட்டுப் போன பிறகு வீட்டை எதற்கு இடிக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்தே நிமிர்ந்து நின்று வாதாடலாம்.

எதிர்ப்பக்கம் பால் ஜார்ஜைக் கொண்டுவருவார்கள், தயாராக இருக்கச் சொல்லுங்கள். அவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆசையோடுதான் 2017இல் ஓக்லஹோமா சிட்டிக்கு ஒரு வருட ஆளாக வந்தார். 2018 ஜூலையில், இந்த ட்ரேடுக்கு இரண்டு வாரம் முன்பு, அங்கேயே நான்கு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார். ஆசைப்படாத ஊரில் ஒரு வருடம் ஆடினால் ஆள் மனம் மாறும் என்பதற்கு அன்று கையில் சூடான உதாரணம் இருந்தது.


மொன்றியல்_மச்சான்:

குகன் அண்ணை மாதிரியே நானும் அன்றைக்குக் கத்தினவன். எண்ணெல்லாம் இருக்கட்டும், அந்தப் பெடியனுக்குச் செய்தது சரியா? கோடையில் லாஸ் வேகாஸில் சந்தித்தபோது உன்னை விற்க மாட்டோம் என்ற எண்ணத்தைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள், அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மசாய் பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷம்தான் மன அழுத்தத்தைப் பற்றி டிரோசன் துணிந்து பேசியிருந்தார். அப்படிப்பட்ட ஆளை இப்படி அனுப்பினால் அடுத்த நட்சத்திரம் ஏன் உன்னை நம்ப வேண்டும்? பிள்ளை இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.


மல்வேர்ன்_அப்பா:

தம்பி, என் பெயர் குகன் இல்லை, ஆனால் பரவாயில்லை. குகன் என்று யாராவது இருந்தால் அவரும் என்னைப் போலத்தான் கத்தியிருப்பார்.

நீங்கள் சொன்னதை மகளிடம் சொன்னேன். ஆசிரியை 'உணர்ச்சி வேறு, காரணம் வேறு' என்று சொல்லித்தான் தலைப்பைக் கொடுத்தாராம், அதனால் அதைக் கடைசியில் வைக்கப் போகிறாள். லெப்ரோன் விஷயத்தைக் கேட்டதும் அவள் கண் விரிந்தது. "அப்பா, பேய் போனபிறகு வீட்டை எதுக்கு இடிக்கணும்" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். கோவைத் தம்பிக்கு நன்றி, உங்கள் வசனம் களவு போய்விட்டது.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்த 59 வெற்றியும் யாருக்கு எதிராக? மே மாதம் கிளீவ்லண்டுக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தில் டிரோசன் எட்டுப் புள்ளி. நாலாவது கால்பகுதி முழுக்க வாங்கில் இருந்தார். நாலாவது ஆட்டத்தில் நடுவர் வெளியே அனுப்பினார். தொடரில் நாலுக்குப் பூச்சியம் என்று தோல்வி. அந்தக் கிழமை நான் மிசிசாகாவில் சாமான் இறக்கிக்கொண்டு வானொலியில் கேட்டேன், இன்றைக்கும் அந்தக் கட்டிடத்தைக் கடந்தால் வயிறு எரியும். லெப்ரோன் போனால் பொஸ்ரன் இருக்கிறது, பிலடெல்பியா இருக்கிறது. பேய் ஒன்றுதான் என்று யார் சொன்னது?


அலமோ_அக்கா:

அண்ணா, நான் சான் அன்டோனியோவில் இருக்கிறேன். பதினாறு வருடம். உங்களுக்கு அழுகை வந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று பார்க்காமல் விலையைப் பேசுகிறீர்கள் எல்லோரும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்ப்போம் இல்லையா? எங்கள் நிலைமையைப் பாருங்கள். டிம் டங்கன் 2016இல் ஓய்வு. டோனி பார்க்கர் அந்த ஜூலையிலேயே சார்லெட்டுக்குப் போய்விட்டார். மானு ஜினோபிலி போகும் வயதில் இருந்தார், ஆகஸ்டில் அறிவித்தார். பயிற்சியாளர் பாப்போவிச்சுக்கு எழுபது நெருங்குகிறது. இருபத்தோரு பருவம் தொடர்ந்து பிளே ஆஃப் என்ற வெளியேற்றுச் சுற்றுக்குப் போன அணி. இவர்களிடம் போய் "உங்களுக்கு ஐந்து வருடம் கழித்துப் பழுக்கிற பிஞ்சுகளைத் தருகிறேன்" என்றால் எடுப்பார்களா? அந்த அக்டோபரிலேயே இருபது புள்ளி போடுகிற ஆள் வேண்டும். டிரோசன் அந்த ஆள். அதனால்தான் அந்த ட்ரேடில் ராப்டர்ஸின் இளம் வீரர்கள் பாஸ்கல் சியாக்கமும் ஓஜி அனுனோபியும் போகவில்லை. இதை உங்கள் பெண் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்தில் புத்திசாலி ஒருவன் இருந்தால் இங்கேதான் குத்துவான்.

அன்று சியாக்கம் பெரிய பெயர் இல்லை. 2016இல் 27ஆவது தேர்வு, முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்கு ஏழு புள்ளி. ஓஜி 2017இல் 23ஆவது. பிரெட் வான்விலீட்டை யாருமே தேர்வு செய்யவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பையன்கள் வளர்கிறார்கள் என்று. அவர்கள் எல்லோரையும் கையில் வைத்துக்கொண்டு, 29 வயதைத் தொடப்போகிற ஒருவரைக் கொடுத்து 27 வயதுக்காரரை வாங்குகிறார்கள். கூடக் கொடுத்த முதல் சுற்றுத் தேர்விலும் ஒரு சூட்சுமம் உண்டு, முதல் இருபதுக்குள் விழுந்தால் தர மாட்டோம் என்று பாதுகாப்பு வைத்தார்கள். டொராண்டோ நன்றாக ஆடினால் மட்டும் எங்களுக்கு வரும், அதுவும் கடைசி வரிசையில். வந்தது 29ஆவது. கெல்டன் ஜான்சன் கிடைத்தான், நல்ல பையன், அது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. ராப்டர்ஸின் லௌரி, இபாக்கா இருவருடைய பெரிய ஒப்பந்தங்களும் 2020 கோடையில் முடிகின்றன. வலன்சியூனஸுடையதும் அப்போதுதான். கவாய் ஒரே வருடத்தில் போனாலும், அதற்கடுத்த வருடம் சம்பளப் பட்டியல் காலி. டிரோசனை வைத்திருந்தாலோ 2021 வரை அவருக்கு 27 மில்லியன் எழுத வேண்டும். தோற்றாலும் வெளியே வர வழி வைத்துவிட்டுத்தான் உஜிரி உள்ளே போனார். நான் அன்று இதைப் பார்த்து, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிரோசன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று வருடம் மரியாதையாக ஆடினார், இங்கே யாரும் அவரைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் 2020இல் பிளே ஆஃப் தொடர்ச்சி அறுந்தது, அவரிருந்தும்.


கோவை_பெஞ்ச்:

அக்கா சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. கத்தரிக்காய்க் காம்பு உட்பட.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'என்ன விலை' என்ற கேள்விக்கு அன்றே ஒரு அளவுகோல் இருந்தது. 2013இல் புரூக்ளின், வயதான கார்னெட்டையும் பியர்ஸையும் வாங்க பாஸ்டனுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் 2017இல் இரண்டு அணிகளின் தேர்வு இடங்களைப் பாஸ்டன் மாற்றிக்கொள்ளும் உரிமையும் கொடுத்தது. அதில் 2016இன் தேர்வில் ஜெய்லன் பிரவுன் வந்தார். 2017இன் மாற்றில் முதல் இடம் கிடைத்தது, அதைக் கீழே நகர்த்தி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2018 மே மாதம் அந்த இரண்டு பையன்களும் கிழக்கு இறுதியில் லெப்ரானை ஏழாவது ஆட்டம் வரை இழுத்ததை உஜிரி பார்த்தவர். நட்சத்திரத்துக்காக வயலை விற்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். அவர் வயலை விற்கவில்லை, அந்த வருடத்து அறுவடையைத்தான் வைத்து ஆடினார்.

இனி நான் சொல்வது விவாதத்துக்கு உதவாது, அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே கவாய், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, லாஸ் ஏஞ்சல்ஸின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸுக்கு வர வேண்டுமானால் பக்கத்தில் பால் ஜார்ஜ் வேண்டும் என்றார். கிளிப்பர்ஸ் அதற்காக ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டர், கல்லினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு மாற்று உரிமைகள். அதில் ஒரு தேர்வில் 2022இல் ஜெய்லன் வில்லியம்ஸ் வந்தார். 2025இல் ஷாய் பருவத்தின் சிறந்த வீரர், ஓக்லஹோமா சிட்டி சாம்பியன். கிளிப்பர்ஸ் கவாயோடு இறுதித் தொடரை எட்டிப் பார்க்கவேயில்லை. ஒரே ஆள். ஒருவர் அவருக்காக ஒரு வருடத்தைப் பணயம் வைத்தார், இன்னொருவர் பத்து வருடத்தை வைத்தார். கவாயைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இந்த இரண்டு ரசீதுகளும்தான் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

நல்ல ஆளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் கதையும் உண்டு. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் 25 வயது லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பியபோது வாங்கியது ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு. மற்ற அணிகளிடம் விலை கேட்கவே இல்லை. வீட்டை விற்கிறவன்கூட நாலு பேரிடம் சொல்லி வைப்பான். அதைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விடுகிறேன்.


மொன்றியல்_மச்சான்:

பெயரை மாத்திச் சொன்னதுக்கு மன்னியுங்கோ அண்ணை. பெர்ட்டிலை 2023இல் இன்னொரு முதல் சுற்றுத் தேர்வு கொடுத்துத் திருப்பி வாங்கினதை யாரும் சொல்லவில்லையே. அது எட்டாவது இடத்தில் விழுந்தது. அதுக்கு யாராவது ஒரு விவாதம் வையுங்கோ, நான் ரெண்டு பக்கமும் பேசுகிறேன்.


மல்வேர்ன்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. சான் அன்ரோனியோத் தங்கச்சி, உங்கள் பதிலை மகள் அச்செடுத்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். எதிரியின் ஆயுதம் முதலில் என் கையில் இருக்க வேண்டும் என்கிறாள். தாயின் புத்தி.

நேற்று இரவு அவள் எனக்கு முன்னால் ஒத்திகை பார்த்தாள். நான் மசாய், அவள் உதவியாளர். ஒன்பது ஆட்டம் விளையாடிய கால், ஒரு வருஷ ஒப்பந்தம், போன பேய், எல்லாம் சொல்லி முடித்து, "ஓம் சொல்ல வேண்டாம், பெப்ரவரி வரை பொறுங்கள், கவாய் விளையாடத் தொடங்கட்டும், கால் சரியா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்" என்றாள். இது நீங்கள் யாரும் சொல்லாதது. நான் கொஞ்சம் திகைத்துப்போனேன். பிறகு, சுகமான காலோடு இருக்கிற கவாயை டிரோசன் விலைக்கு யார் தருவார், அப்போது சியாக்கத்தைக் கேட்பார்கள் என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்தாள். விலை மலிந்ததே கால் சந்தேகத்தில் இருந்ததால்தான் என்று எனக்கும் அப்போதுதான் வடிவாக விளங்கியது.

கடைசியாகக் கேட்டாள், அப்படியென்றால் அன்றைக்கு அந்தக் கதிரையில் நீங்கள் இருந்திருந்தால்? நான் உண்மையைச் சொன்னேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு காரணமும் ஓம் பக்கம் நின்றிருந்தாலும் டிரோசனின் பத்தாம் இலக்கச் சட்டையை நினைத்து வேண்டாம் என்றிருப்பேன், ராப்ரர்ஸ் இன்றைக்கும் கிண்ணம் இல்லாத அணியாக இருந்திருக்கும். கவாய் போன அடுத்த பருவத்திலும் 72இல் 53 வென்றார்களே, அந்த வருஷமும் எனக்குக் கிடைத்திருக்காது.

அந்தச் சட்டை கராஜில் பெட்டிக்குள் கிடந்தது. இரண்டு கிழமைக்கு முன்னால் தேடி எடுத்துத் துவைத்துப் போட்டாள். விவாதத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாளாம். முதல் சாட்சியாக என் வட்ஸ்அப் செய்தியைத் திரையில் காட்டப் போகிறாள். கடைசி இரண்டு வரியையும் மறைத்துவிடு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.